மனநலம், குடிநோய், போதை மீட்பு: சமூகப் பணியாளராகப் பயிற்சி எடுப்பது எப்படி? வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முழு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து இந்தத் துறைக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) படித்துக்கொண்டிருப்பவர்களும் இப்போதுதான் முடித்தவர்களும் படிக்கலாம். பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே நோயாளி முன்னால் நாற்காலியைப் போட்டுக் கவுன்சலிங் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அது கீழே இருக்கிற வரிசையில் ஏழாவதாக வருகிற வேலை. அதற்கு முன்னால் ஆறு இருக்கிறது, அவற்றைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

1. படிப்பையும் பதவிப் பெயரையும் முதலில் சரிபாருங்கள்

சட்டத்திலிருந்து ஆரம்பிப்போம். இரண்டு வருடம் படித்து முடித்த பிறகு "இது செல்லாதும்மா" என்று யாரோ ஒரு கிளார்க் சொல்லிக் கேட்பது கொடுமை. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப் பணியாளர் யார் என்று தெளிவாகவே வரையறுத்திருக்கிறது. சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் வேண்டும். அதன்மேல் மனநல சமூகப் பணியில் இரண்டு வருட முழுநேர எம்ஃபில் வேண்டும், அதில் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி இருக்க வேண்டும், பல்கலைக்கழகம் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்.

வார இறுதி டிப்ளமோ, ஆன்லைன் கவுன்சலிங் சான்றிதழ் எல்லாம் கற்றுக்கொள்ள உதவலாம், ஆனால் அந்தப் பதவிப் பெயரை அவை உங்களுக்குத் தராது. விளம்பரத்தில் எத்தனை முத்திரை இருந்தாலும் சரி.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 2022இல் யுஜிசி எம்ஃபில் படிப்பையே நிறுத்தியது. மருத்துவ உளவியல், மனநல சமூகப் பணி என்ற இரண்டு எம்ஃபிலுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு கொடுத்தது. ஆகவே நீங்கள் சேருகிற வருடத்துக்கான அறிவிப்பை யுஜிசி தளத்திலும் அந்த நிறுவனத்தின் தளத்திலும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். சீனியர் சொன்னார் என்பது போதாது, அவர் சேர்ந்தபோது விதி வேறு.

"ஆர்சிஐ பதிவு உண்டா?" என்று கேட்காத ஆளே இல்லை. ஆர்சிஐ என்பது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அந்தப் பதிவு மருத்துவ உளவியலாளர்களுக்கானது. மனநல சமூகப் பணியாளரும் மருத்துவ சமூகப் பணியாளரும் 2021ஆம் வருடத் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் வருகிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு வேறு கோர்ஸில் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

எம்எஸ்டபிள்யூவுக்கு நம் பக்கத்தில் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி இருக்கிறது, சென்னை என்றால் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். எங்கே சேர்ந்தாலும், மருத்துவ-மனநல சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுக்க முடியுமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். எம்ஃபில் என்றதும் எல்லோரும் சொல்வது பெங்களூரில் இருக்கிற தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ். நுழைவுத் தேர்வு உண்டு, இடம் குறைவு, அதனால் அது ஒன்றை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

2. வருவதற்கு முன் தயார் செய்துகொள்ள வேண்டியவை

மொழி. வேலூரில் தமிழ் மட்டும் வைத்துக்கொண்டு ஓபியில் உட்கார்ந்தால் பாதி நாள் சும்மா இருப்பீர்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு வரும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரத்திலிருந்து உருது வரும், சிஎம்சிக்கென்று ரயிலேறி வருகிற கூட்டம் வங்காளமும் இந்தியும் பேசும். சரளமாகப் பேச வேண்டாம். தூக்கம், பசி, பயம், கோபம், கடன், குடி, சாகலாம்போல இருக்கிறது: இவற்றுக்கான சொற்களை அந்த மொழிகளில் தெரிந்துகொண்டு வாருங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டுக் கதை. அப்பாவோ அண்ணனோ குடிக்கிற வீட்டிலிருந்து வருகிறவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர், அதில் தப்பே இல்லை. ஆனால் அதை சூப்பர்வைசரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், ஐம்பது வயதுக் குடிநோயாளி ஒருவர் முன்னால் உட்காரும்போது உங்களுக்கு வருகிற கோபம் அவர் மேல் வருகிறதா, அப்பா மேல் வருகிறதா என்று உங்களுக்கே தெரியாது.

கல்லூரிக் கடிதம், அடையாள அட்டை, கேட்டால் காட்டத் தடுப்பூசிச் சான்று. பெரிய மருத்துவமனைகளில் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

3. களப்பணி இடங்களை எந்த வரிசையில் எடுப்பது

முதலில் ஊர், அடுத்து ஓபி, அடுத்து மனநல வார்டு, கடைசியாகத்தான் டி-அடிக்ஷன் சென்டர் என்கிற போதை மீட்பு மையம். பலரும் தலைகீழாகப் போகிறார்கள், சென்டரில் அனுமதி சுலபமாகக் கிடைக்கிறது என்பதால்.

ஊரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிற வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவளுக்கு, "மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வருது, கை ஓடல, கணக்கு குறையுது" என்று நோயாளி சொல்லும்போது அது சோம்பேறித்தனம் இல்லை, கூலிக் கணக்கு என்று புரியும். ஆம்பூர் ஷூ கம்பெனி ஷிப்ட், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வர ஆகிற பஸ் செலவு, குழுக் கடன் தவணை நாள்: இவை தெரியாமல் ஃபாலோ-அப் தேதி கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள்.

இடங்கள் என்று பார்த்தால் பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்ட மனநலத் திட்டக் குழு. பாகாயத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்குவது பழைய வழக்கம், குடும்பத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், மனச்சிதைவுக்கு ஸ்கார்ஃப் அமைப்பு, குடிநோய்க்கு டிடிகே மருத்துவமனை என்று பரவலாக அறியப்படுகிற டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை.

டி-அடிக்ஷன் சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று கட்டாயம். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். குடி, போதை சார்ந்த நிலைகளும் 2017 சட்டத்தின்படி மனநோய்க்குள் வருவதால், அவற்றுக்காக ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தருகிற இடமும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. வீட்டார் போன் செய்தால் நாலு பேரை வண்டியில் அனுப்பித் தூக்கிவருகிற இடம், அறைக்குப் பூட்டுப் போடுகிற இடம், டாக்டர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாத இடம்: இவற்றில் பயிற்சி வேண்டவே வேண்டாம். அங்கே ஒரு மாதம் இருந்தால் அதுதான் சாதாரணம் என்று உங்கள் கண் பழகிவிடும்.

4. கேஸ் ஹிஸ்டரி: இங்கேதான் அதிக நாள் செலவழிக்க வேண்டும்

கேஸ் ஹிஸ்டரி, அதாவது நோயாளியின் முழுப் பின்னணியைக் கேட்டு எழுதுவதை, வெறும் படிவம் நிரப்புவது என்று நினைக்கிறவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படி வருகிற பேப்பரைப் பார்த்ததும் திருப்பிக் கொடுக்கத்தான் தோன்றும்.

யார் சொன்ன தகவல் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். மனைவியா, அம்மாவா, பக்கத்து வீட்டு அண்ணனா, நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவரா. மருமகளைப் பற்றி மாமியார் சொல்வதும் மருமகளின் அம்மா சொல்வதும் இரண்டு வேறு நோய்கள்போல இருக்கும், இரண்டையும் எழுத வேண்டும்.

அடுத்தது குடியின் அளவு. இதில் ஒரு உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தவறு எப்போதும் இங்கேதான் நடக்கிறது.

"எப்பவாச்சும் சாப்பிடுவேன் மேடம்." மாணவி எழுதுகிறாள்: எப்போதாவது. அங்கேயே நின்றுவிடாதீர்கள். கடைசியாக எப்போது ஐயா? நேற்று. அதற்கு முன்னால்? முந்தாநாள். எவ்வளவு? "ஒண்ணுதான்." இந்த "ஒண்ணு" ஒரு பெக்கா, கட்டிங்கா, குவார்ட்டரா? கேட்டால்தான் தெரியும். குவார்ட்டர்தான்.

இப்போது கணக்கு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். 10 கிராமை ஒரு அளவு என்று வைத்தால் 6 அளவு. குடிப் பழக்கத்தை அளக்கிற, உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாளில் மொத்தம் 10 கேள்விகள், 40 மதிப்பெண். எத்தனை நாள், ஒரு நாளில் எவ்வளவு, ஒரே நேரத்தில் 6 அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை: முதல் மூன்று கேள்விகள் இவை. தினமும் ஒரு குவார்ட்டர் என்றால் 4, 2, 4, ஆக மொத்தம் 10. 8 வந்தாலே கவனிக்க வேண்டிய குடி, 20ஓ அதற்கு மேலோ வந்தால் அடிமை நிலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் சொன்ன "ஒண்ணு" என்பதை ஒரு அளவு என்று எழுதியிருந்தால் அதே மூன்று கேள்விக்கு 4 மதிப்பெண்தான் வந்திருக்கும், மனிதர் "பரவாயில்லை" என்று வீட்டுக்குப் போயிருப்பார்.

650 மில்லி ஸ்ட்ராங் பீரும் லேசானது இல்லை, 8 சதவீதம் என்றால் 4 அளவு. "பீர்தானே" என்று நீங்களே எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

குடிக்காமல் இருந்த காலத்தையும் கேளுங்கள். நம் பக்கத்தில் இதற்குச் சுலபமான வழி, "மாலை போட்டப்ப எப்படி இருந்தீங்க?" என்று கேட்பது. ஒரு மண்டலம் முழுக்கத் தொடாமல் இருந்தவருக்கு, தன்னால் முடியும் என்பதற்கு அவரே சாட்சி. மாலை போட்ட இரண்டாம் நாள் கை நடுங்கி ஃபிட்ஸ் வந்தவர் என்றால் அது மருத்துவருக்கு உடனே போக வேண்டிய தகவல்.

மனநிலைப் பரிசோதனை எழுதும்போது நோயாளி சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். "சந்தேக எண்ணம் உள்ளது" என்பதைவிட "டிவில நியூஸ் வாசிக்கிறவங்க என் பேரைச் சொல்றாங்க" என்ற ஒரு வரி மருத்துவருக்கு ஆயிரம் மடங்கு பயன்படும்.

5. ஆபத்து இருக்கிறதா என்று பேச்சுக்கு முன்பே கேளுங்கள்

இரண்டு ஆபத்து. ஒன்று குடியைத் திடீரென்று நிறுத்துவதால் வருவது. தினமும் அதிகம் குடித்தவர் நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். ஃபிட்ஸ் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியைப் பிடிக்கப் போவார்கள், இடம் தெரியாமல் பேசுவார்கள். இது உயிரைக் கொண்டுபோகக்கூடியது.

பெங்களூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்து எலும்பு வார்டில் படுத்திருப்பவர் மூன்றாம் நாள் இரவு கட்டிலை விட்டு எழுந்து கத்துவார், வீட்டார் காத்து கருப்பு என்று விபூதி வைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டு டியூட்டி டாக்டரிடம் ஓடிச் சொல்வது. உட்கார்ந்து பேசுவது இல்லை. "இன்னைக்கே நிறுத்துங்க" என்று ஓபியில் அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவது ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும்.

இரண்டாவது தற்கொலை எண்ணம். நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா? வீட்ல பூச்சிமருந்து, எலி பேஸ்ட் இருக்கா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயந்து கேட்காமல் விடுவதுதான் புதியவர்களின் பொதுவான பிழை. கேட்பதால் எண்ணம் வராது, சொல்ல இடம் கிடைக்கும். இருக்கிறது என்று சொன்னால் தனியாக விடாமல் மூத்தவரைக் கூப்பிடுங்கள், மருந்து டப்பாக்களை வீட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகுமே என்று மறைக்கிற குடும்பத்துக்கு, 2017 சட்டத்தின் 115ஆவது பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது என்று விளக்குங்கள்.

மனநலத்துக்கு அரசின் தொலைபேசி உதவி எண் டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கு 14446. இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். அந்த நேரத்தில் சொல்லி அனுப்புவது நினைவில் நிற்காது.

6. குடும்பத்தை எப்படிப் பார்ப்பது

மனைவியைத் தனியாக, கணவரைத் தனியாக, அப்புறம்தான் இருவரையும் சேர்த்து. முதலிலேயே சேர்த்து உட்கார வைத்தால் அடி வாங்குகிற பெண் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றுதான் சொல்வாள். வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டால் அன்றிரவு அதற்கும் சேர்த்து வாங்குவாள்.

கடனைக் கேளுங்கள், நகை அடகில் இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா. கஞ்சா, மாத்திரை, ஊசி என்றால் போலீஸ் பயத்திலேயே வீட்டார் பையனைக் கூட்டி வராமல் இருப்பார்கள். தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுக்கிற போதை அடிமைக்கு, பயன்படுத்திய குற்றத்திலும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலும் வழக்கு விலக்கு உண்டு என்று 1985ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது.

இன்னொன்றை மறக்காமல் கேளுங்கள்: "சாப்பாட்டில் ஏதாவது கலந்து கொடுக்கிறீங்களா?" குழம்பில் கலந்தால் குடி மறந்துவிடும் என்று எதையாவது வாங்கிவந்து கலப்பவர்கள் உண்டு. குடியை விடுவதற்கென்று மருத்துவர்கள் தருகிற டைசல்ஃபிரம் மாத்திரையை ரகசியமாகக் கொடுப்பவர்களும் உண்டு. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். உயிரே போகலாம். அந்த மாத்திரையை அவர் சம்மதத்தோடு, மருத்துவர் எழுதித்தான் கொடுக்க வேண்டும். இதைத் திட்டிச் சொல்லாதீர்கள். வேறு வழி தெரியாமல்தான் அந்த அம்மா கலந்திருப்பாள்.

7. இப்போது பேசலாம்

இங்கே பயன்படுவது ஊக்கமூட்டும் நேர்காணல் முறை, மில்லரும் ரோல்னிக்கும் வளர்த்தது. அதன் சாரம், மாறுவதற்கான காரணத்தை அவர் வாயிலிருந்தே வரவைப்பது.

மாணவர்கள் வழக்கமாகப் பேசுவது இப்படி இருக்கும்: "ஐயா, இப்படிக் குடிச்சா லிவர் போயிடும். ரெண்டு பொண்ணு இருக்கு. நீங்களே யோசிங்க." அவர் தலையாட்டுவார், "இனிமே தொடமாட்டேம்மா, புள்ள மேல சத்தியம்" என்பார். மாணவன் சந்தோஷமாக வந்து "நோயாளி ஒத்துக்கொண்டார்" என்று எழுதுவான். சத்தியத்தை வாங்காதீர்கள். அது உடைந்த அன்றைக்கு, பிள்ளையையே பணயம் வைத்தோமே என்ற குற்ற உணர்வில் மறுபடி குடிப்பார், உங்கள் முகத்தில் முழிக்கவும் வரமாட்டார்.

மாற்றிப் பேசிப் பாருங்கள். "குடிக்கிறதுல உங்களுக்குப் பிடிச்சது என்ன ஐயா?" "உடம்பு வலி தெரியாது, மூட்டை தூக்குற வேலை." "பிடிக்காதது?" கொஞ்ச நேரம் பேசமாட்டார். நீங்களும் பேசாதீர்கள். "சின்னது என்னைப் பார்த்தா கதவுக்குப் பின்னாடி போயிடுது." அதைத் திரும்பச் சொல்லுங்கள், அவ்வளவுதான்: "அவ ஒளியறது உங்களுக்குத் தாங்கல." அடுத்த வாக்கியம் அவரிடமிருந்து வரும். அது "விட்டுடணும்னுதான் நினைக்கிறேன், ஆனா..." என்று இருந்தால், அந்த "ஆனா"வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் உங்கள் அடுத்த மூன்று சந்திப்புக்கான வேலை. உடம்பு வலிக்கு என்ன வழி, கூலி வாங்குகிற சனிக்கிழமை சாயங்காலம் யாரோடு வீட்டுக்கு வருவது, பஸ் ஸ்டாண்டிலிருந்து கடையைத் தாண்டாத வழி எது. இதையெல்லாம் கேட்கத்தான் சமூகப் பணியாளர்.

8. மனநோய் வார்டில் கூடுதலாக மூன்று விஷயம்

நோயாளியின் நம்பிக்கையோடு வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். "உங்களுக்குப் பயமா இருக்கு, ராத்திரி தூங்க முடியல" என்று உணர்ச்சியைப் பிடியுங்கள்.

கோயில், தர்கா, மந்திரிப்பு என்று போய்விட்டுத்தான் பெரும்பாலும் இங்கே வருவார்கள். கிண்டல் செய்தால் அடுத்த முறை வரமாட்டார்கள். சாமிக்கும் வேண்டிக்கொள்ளட்டும், மாத்திரையும் போடட்டும். கட்டிப்போடுவது, பட்டினி போடுவது மட்டும் கூடாது, சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடுக்கிறது.

நீண்டகால மனநோய் உள்ளவருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க வழி உண்டு. 2016ஆம் வருடச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது, 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சலுகைகளுக்குத் தகுதி. மதிப்பீடு மனநல மருத்துவரின் வேலை, விண்ணப்பம், ஆவணம், எந்த நாளில் எங்கே போவது என்பதெல்லாம் உங்கள் வேலை. ஒரு தடவை கூடவே போய் வாருங்கள், எந்த ஜன்னலில் நிற்க வைக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்தவருக்குச் சொல்ல முடியும்.

9. பதிவு, ரகசியம், சூப்பர்விஷன்

அன்றைய உரையாடலை அன்றே எழுதுங்கள்: அவர் சொன்னது, நீங்கள் சொன்னது, அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், சூப்பர்விஷனில் பேச வேண்டியதே அதுதான்.

நோட்டில் பெயர் வேண்டாம், ஊர் பெயரும் வேண்டாம். இங்கே காட்பாடி பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவர் யாருக்காவது சொந்தமாக இருப்பார். கேஸ் ஷீட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்கிற பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள், எந்த க்ரூப்பாக இருந்தாலும். ரகசியத்துக்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும், குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012ஆம் வருட போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். இந்த எல்லையை நோயாளியிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அவர் எல்லாம் சொல்லி முடித்த பிறகு சொன்னால் ஏமாற்றியதாகிவிடும்.

10. டிஸ்சார்ஜுக்குப் பிறகு

ஃபாலோ-அப் தேதியைக் கூலி நாள், திருவிழா, தவணை நாள் பார்த்துக் கொடுங்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் எங்கே, என்ன கிழமை என்று தெரிந்துவைத்து, முதல் கூட்டத்துக்குப் போக ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற ஒருவரை அறிமுகப்படுத்துங்கள். தனியாகப் போகச் சொன்னால் வாசல்வரை போய்த் திரும்பிவிடுவார்கள். வீட்டாருக்கு அல்-அனான் தனியாக உண்டு.

மறுபடி குடித்துவிட்டு வந்தால் முதல் கேள்வி "எத்தனை நாள் குடிக்காம இருந்தீங்க?" என்பதாக இருக்கட்டும். "ஏன் குடிச்சீங்க?" என்பது இரண்டாவதாக வரட்டும். நாப்பது நாள் என்றால் அந்த நாப்பது நாளும் என்ன செய்தார் என்று எழுதுங்கள், நாப்பத்தோராவது நாள் என்ன நடந்தது என்பதையும் மணி வாரியாக எழுதுங்கள், யார் கூப்பிட்டார், கையில் எவ்வளவு காசு இருந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதுவரை. அடுத்த திட்டம் அந்தத் தாளிலிருந்துதான் வரும். எழுதும் முன் மறுபடி ஐந்தாவது படிக்குப் போய் நடுக்கம், ஃபிட்ஸ், தற்கொலை எண்ணம் மூன்றையும் கேட்டுவிடுங்கள்.